இரண்டு வீட்டுச் சுவரில் ஒரு தார் எழுத்து

மைசூர்,
தை மாதம் இருபதாம் தேதி, 1992.

அன்பு மகன் சென்னியப்பனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதேஸ்வரசாமி புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் பனி இறங்கினால் எட்டிப் பார்க்கிற மாதிரி இந்த வருஷமும் எட்டிப் பார்த்திருக்கிறது. நீயும் மருமகள் வளர்மதியும் பாப்பாவும் அந்த ரூர்கேலாக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பாப்பாவுக்குச் சளி என்று எழுதியிருந்தாய், கற்பூரவல்லி அங்கே கிடைக்காவிட்டால் ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ ஆலையில் அடுப்பு வாயில் நின்றுவிட்டு வேர்வையோடு குளிரில் சைக்கிள் ஏறாதே, அதையும் சொல்லிவிட்டேன். உன் மூன்று கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். என்ன பதில் எழுதுவது என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது கண்ணு. இப்போது தெரியும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், அவசரத்தில் படிக்காதே, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

கார்த்திகைக் கடைசியில் காவிரித் தண்ணீரை வைத்துக் கலவரம் வந்தபோது நாங்கள் எண்ணெய்க் கடையைப் பூட்டிவிட்டு ஊரின் அந்தக் கோடியில் ஹெப்பாளில் இருக்கிற அப்பாவின் சிநேகிதர் வைத்யநாதன் வீட்டுக்குப் போய்விட்டோம் என்பதும், அவர் வேலை செய்கிற கம்பெனி பஸ்ஸிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார் என்பதும் உனக்கு அப்போதே எழுதினேன். அமைதியான பிறகு திரும்பி வந்து பார்த்தால் வீடு அப்படியே இருந்தது. கடையில் ஒரு டின்கூட உருளவில்லை. முகப்பில்தான் தாரால் எழுதியிருந்தார்கள், அதை மட்டும் ஒரு கார்டில் உனக்கு எழுதிப் போட்டேன். நம் வீடும் லிங்கப்பன் மாமா வீடும் யாரோ ஒருத்தர் ஒன்றாகக் கட்டி இரண்டாகப் பிரித்து விற்ற கட்டடம் என்று உனக்குத் தெரியும், நடுவில் சுவர் வைத்தார்களே தவிர தெருவைப் பார்த்த முகப்பு ஒன்றுதான், பின்னால் கிணறும் ஒன்றுதான். அந்த முகப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், தமிழர்களே ஊரை விட்டுத் தொலையுங்கள் என்று கன்னடத்தில் ஒவ்வொரு எழுத்தும் முறம் அகலத்துக்கு எழுதியிருந்தது. தமிழர்களே என்பது மட்டும் நம் பக்கம், மிச்சமெல்லாம் லிங்கப்பன் மாமா பக்கம். நான் படித்தது கொள்ளேகாலத்தில் கன்னடப் பள்ளிக்கூடத்தில், அதனால் எனக்கு ஒருத்தரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் அப்பா அதை ஒரு தடவை பார்த்தார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவால் உள்ளே போனார். அன்றிலிருந்து முன் வாசலை அவர் மிதிக்கவே இல்லை. கடைப் பலகையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பார், யாராவது எண்ணெய்க்கு வந்தால் அந்த இடுக்கு வழியாகவே ஊற்றிக் கொடுப்பார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் இவர் கடை எண்ணெயில்தான் பலகாரம் சுட்டார்கள், உனக்கே தெரியும். அந்த நேரத்தில்தான் உன் முதல் கடிதம் வந்தது, வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், உங்களுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன் என்று. அப்பா அதைப் படித்துவிட்டு, போகலாம் புள்ள, இனி இங்க என்ன இருக்குது என்றார்.

என்னை அதைவிடக் குத்தியது பக்கத்து வீடு. நாம் எங்கே போய்விட்டு வந்தாலும் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே மாமா சம்சாரம் நீலம்மா ஒரு சொம்பு மோரோடு வந்து நிற்பாளே, அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிணற்றடியில் என்னைக் கண்டால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். லிங்கப்பன் மாமா தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கரும்பும் வைத்த தட்டு தெருவில் எல்லார் வீட்டுக்கும் போனது, நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நானும் பொங்கலை வைத்து இறக்கிவிட்டுப் பிடிவாதமாகக் கொடுக்காமல் இருந்துவிட்டேன். போய்க் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் அவர்கள் மனசு நோகுமோ என்று அப்பா தடுத்தார். நம்மிடம் கேட்டால் நம் மனசு நோகுமோ என்று அவர்கள் இருந்தார்களாம், அது இப்போதுதான் தெரிகிறது. நாமும் அவர்களும் பிறந்த கௌதள்ளிப் பக்கத்து மனுஷர்கள் எல்லாருக்குமே இந்தப் புத்திதான், காலில் முள் குத்தினவனிடம்கூட முள்ளைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

போதாததற்கு, வீட்டை விற்பதானால் ஒட்டினாற்போல் இருக்கிறவரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது முறை என்று அப்பா அவரிடம் போய், பையன் கூப்பிடறான், கொடுத்துட்டுப் போகலாம்னு இருக்கறோம், உங்களுக்கு வேணுமா என்று கேட்டுவிட்டு வந்தார். லிங்கப்பன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, ஆகட்டும் ரத்தினவேலு, பாக்கலாம் என்றாராம். போகாதே என்று ஒரு வார்த்தை வரவில்லை. உன் அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. முழு முகப்பும் தன் கைக்கு வருமென்று காத்திருக்கிறாரா, அதனால்தான் தன் பக்கத்து எழுத்தை ஒரு கை தண்ணீர் ஊற்றிக்கூடக் கழுவாமல் வைத்திருக்கிறாரா என்று நினைத்தேன். போவதோ இருப்பதோ பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்தத் தார் எழுத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் வீட்டைக் காலி செய்யமாட்டேன், முதலில் அது போகட்டும் என்று முடிவு செய்தேன்.

நான் முதல் வாரமே சுண்ணாம்பு அடித்துப் பார்த்திருந்தேன். இரண்டு வெயில் பட்டதும் தார் பழுப்பாகக் கசிந்து சுண்ணாம்புக்கு மேலே வந்துவிட்டது, முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஆசிட் வாங்கி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் காஸ்டிக் சோடா போடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். உன் ஆலையில் இரும்புக்கு அது சரி சாமி, இது அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை, ஆசிட் பட்டால் சோடா மாதிரி பொங்கிக் காரையைத்தான் தின்னும், தாரை ஒன்றும் செய்யாது. கொல்லைச் சுவரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே சொல்கிறேன், அங்கே குழி விழுந்துவிட்டது. காஸ்டிக் சோடா கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தாயா? முகப்பில் ஊற்றுகிற தண்ணீர் சந்தில் இறங்கிக் கிணற்றங்கரை வழியாகத்தான் ஓடுகிறது, அந்தக் கிணற்றுத் தண்ணீரை நாமும் குடிக்கிறோம், அவர்கள் பசுவும் குடிக்கிறது. அவர்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் மாட்டுக்கு விஷம் வைக்க எனக்கு மனசு வராது. கொத்துக்கரண்டியால் சுரண்டினால் தாரோடு காரையும் சேர்ந்து வந்து எழுத்தின் வடிவத்திலேயே பள்ளம் விழுகிறது. தார் போனாலும் அந்த வார்த்தை கல்வெட்டாக நின்றுவிடும் என்று அதையும் விட்டேன். மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கிறது, ஆனால் கரைத்து உள்ளுக்குள் இறக்கிவிடுகிறது. அதோடு கலவரத்தில் வீடுகளைக் கொளுத்தின அந்த மண்ணெண்ணெய் வாடை நம் வீட்டுச் சுவரில் வந்ததும் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து உடனே தண்ணீர் ஊற்றி அலம்பிவிட்டேன்.

பிறகுதான் யோசித்தேன். சின்ன வயதில் ரோடு போடுகிற இடத்தில் விளையாடிவிட்டுக் காலெல்லாம் தாரோடு வருவாய், அதை நான் எதை வைத்து எடுத்தேன்? எண்ணெய் தடவித்தானே எடுத்தேன். கடை நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மருந்து தேடியிருக்கிறேன் பார். கொல்லைச் சுவரில் கொஞ்சம் தாரைப் பூசி ஒவ்வொரு எண்ணெயாகத் தடவிப் பார்த்தேன். நல்லெண்ணெயும் கேட்கிறது, ஆனால் புங்க எண்ணெய்க்குத்தான் தார் நன்றாக இளகுகிறது. முதலில் சுவரைத் தண்ணீர் விட்டு நன்றாக ஊற வைத்துவிட வேண்டும், காரை தண்ணீரைக் குடித்துவிட்டால் எண்ணெயும் தாரும் உள்ளே போக இடமிருக்காது. அப்புறம் வெதுவெதுப்பாகக் காய்ச்சின புங்க எண்ணெயைத் துணியில் நனைத்து எழுத்தின் மேல் மட்டும் ஒட்டி, மேலே சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் விட்டுவிட வேண்டும். இளகினதும் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் துடைக்க வேண்டும், நடுவிலிருந்து வெளியே துடைத்தால் பூசின மாதிரி ஆகிவிடும். இதற்குப் பிறகும் சுவர் எண்ணெய்க் கறையோடு மினுமினுவென்று நிற்கும். அதற்குத் தவிடும் விறகுச் சாம்பலும் களிமண்ணும் சேர்த்து தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தண்ணீரில் குழைத்து, தலைவலிக்குப் பற்றுப் போடுகிற மாதிரி சுவருக்குப் பற்றுப் போட்டேன். காய்ந்து தானே உதிர்கிறபோது எண்ணெயையும் கறுப்பையும் உறிஞ்சிக்கொண்டு விழுகிறது. ஒரு தடவையில் போகாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். விழுந்ததை மண்ணில் விடாமல் கீழே சாக்கு விரித்துத் தகரத்தில் அள்ளி வைத்தேன். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு. சுவருக்கும் கேடில்லை, கிணற்றுக்கும் கேடில்லை. உன் சிநேகிதர்கள் யாருக்காவது வேண்டுமானால் சொல், ஆனால் யார் வீட்டுச் சுவரிலும் இப்படி எழுத வேண்டாம் என்றுதான் நான் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

நான் ஏணியைச் சாத்தி வேலை செய்கிற நாளெல்லாம் லிங்கப்பன் மாமா தன் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். மாட்டுக்குப் புல் போடுகிற நேரம், கடைத்தெருவுக்குப் போகிற நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். பொம்பளை ஏணியில் தொங்குகிறாள், நல்ல வேடிக்கை பார்க்கிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். ஒருவழியாக நம் பக்கம் சுத்தமாகிவிட்டது. தமிழர்களே என்பது போய்விட்டதா, இப்போது முகப்பில் ஊரை விட்டுத் தொலையுங்கள் என்பது மட்டும் தனியாக நின்றது. யாரைச் சொல்கிறது என்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், பால்காரர் ஜடையன் மட்டும், ஏனுங்கக்கா எங்களையுமா போகச் சொல்லுது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அப்போதும் கொல்லை வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார். அந்த மிச்ச எழுத்து இருக்கிறவரைக்கும் அது நமக்குச் சொன்னதுதானே.

போன செவ்வாய்க்கிழமை கயிறு அறுந்து வாளி கிணற்றில் விழுந்துவிட்டது. விழுந்த வாளியைக் கொக்கி போட்டு எடுக்கிற பாதாளக்கொலுசு அவர்கள் மாட்டுக் கொட்டகையில்தான் மாட்டியிருக்கும், யாரும் இல்லையென்று நானே எடுக்கப் போனேன். கொட்டகைத் தகரத்தில் ஓட்டை அடைக்கிறதற்காக அவர் வாங்கி வைத்திருந்த தார் டின் மூலையில் இருந்தது. பக்கத்தில் தென்னை மட்டையைத் தட்டிச் செய்த தூரிகை ஒன்று, நார் முழுக்கத் தார் காய்ந்துபோய்க் கிடந்தது. கொட்டகையின் கூரையை நிமிர்ந்து பார்த்தேன், ஓட்டை ஓட்டையாகவே இருந்தது, ஒரு பொட்டுத் தார்கூட வைத்திருக்கவில்லை. அப்படியானால் அந்தத் தார் எங்கே போனது கண்ணு? பாதாளக்கொலுசை எடுக்காமலே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், இருக்காது புள்ள, லிங்கப்பன் அப்படிப்பட்ட ஆளில்லை என்றார். பிறகு அவரே, இருந்தாலும் நாம போற எடம் பாக்கலாம் என்றார். நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எண்ணெய்ச் சட்டியையும் துணியையும் எடுத்துக்கொண்டு போய் ஏணியை அவர்கள் பக்கத்துச் சுவரில் சாத்தினேன். உன் சுவரையும் நானே துடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன், அதைப் பார்த்தாவது உனக்கு உறைக்கட்டும் என்று எனக்கு ஆங்காரம்.

இரண்டு படிகூட ஏறியிருக்கமாட்டேன், லிங்கப்பன் மாமா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பேடக்கா, வேண்டாம் நாச்சம்மக்கா, எறங்குங்க, அத நீங்க தொடாதீங்க என்றார். ஏன் தொடக் கூடாது, அவ்வளவு ஆசையா அந்த வார்த்தை மேலே என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்து, அது நான் எழுதினது அக்கா, என் கையால நான் எழுதினது, அத நீங்க தொடைக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டு அந்த மனுஷன் ஏணியின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவருடைய பையன் பசவராஜ் ஜுரத்தில் போனபோதுகூட மரமாக நின்றவர் அவர்.

நீலம்மா உள்ளேயிருந்து வந்து என்னைக் கையைப் பிடித்து இறக்கிப் படியில் உட்கார வைத்தாள். பிறகு இரண்டு பேருமாகச் சொன்னார்கள். நாங்கள் ஹெப்பாளுக்குப் போன அன்றைக்குப் பட்டப்பகலிலேயே ஒரு கூட்டம் மண்ணெண்ணெய் டின்னோடு வந்திருக்கிறது. நம் தெருக்காரர்கள் ஒருத்தரும் அதில் இல்லையாம், எங்கிருந்தோ வந்தவர்கள். எண்ணெய்க் கடை, கொளுத்தினால் நன்றாகப் பிடிக்கும் என்று பலகையை இடித்திருக்கிறார்கள். லிங்கப்பன் மாமா போய்ப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு இது ஒரே கட்டடம், அந்தப் பாதி எரிந்தால் என் பாதியும் எரியும் என்றிருக்கிறார். அப்படியானால் உன் சாமானையும் மாட்டையும் வெளியே கொண்டுபோ, அதுவரைக்கும் நிற்கிறோம் என்றார்களாம். அதற்கும் அவர் நகரவில்லை. எரித்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது, அவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதானே, போகச் சொல்கிறேன், நான் பொறுப்பு என்று கெஞ்சியிருக்கிறார். அப்படியானால் அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி உன் கையாலேயே அவர்கள் சுவரில் எழுது என்றார்களாம். கொட்டகையில் இருந்த தாரை எடுத்துவந்து அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க எழுதியிருக்கிறார். மறுபடி வந்து பார்ப்போம், அவர்கள் இன்னும் இங்கே இருந்து எழுத்து மட்டும் இல்லாமல் போயிருந்தால் இரண்டு பாதியும் சேர்ந்தே எரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

நான் ஏணியில் நின்ற நாளெல்லாம் அவர் வேடிக்கை பார்க்கவில்லை சென்னியப்பா. அந்த ஆட்கள் வந்துவிடுவார்களோ என்று எனக்குக் காவல் இருந்திருக்கிறார். துடைக்காதே என்று என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, துடைக்கிறவளைத் தனியாக விட்டுப் போகவும் மனசு வரவில்லை. அப்பா விற்பதைப் பற்றிக் கேட்டபோது போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்ததாம். வாசலில் என் கையாலே தொலையுங்கள் என்று எழுதி வைத்துவிட்டு எந்த மூஞ்சியோடு இருங்கள் என்று சொல்வேன் என்று கேட்டார். நீலம்மா மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறாள். சங்கராந்தித் தட்டும் அவர்கள் சாமி அலமாரியில் அப்படியே இருந்தது, நமக்கென்று கட்டி வைத்தது.

இதெல்லாம் நடக்கிறபோது உன் அப்பா கடைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பலகை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் முன் வாசல் வழியாகத் தெருவில் இறங்கி வந்து அந்த முகப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். பிறகு லிங்கப்பன் மாமாவிடம், நம்ம செவுத்துல எழுதுன்னுதான சொன்னாங்க, உன் செவுத்துல ஏன் எழுதின என்று கேட்டார். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தொலைங்கங்கற அந்த வார்த்தைய உங்க செவுத்துல எழுத எனக்குக் கை வரலப்பா ரத்தினவேலு, அதுக்குத்தான் மொதல்லயே பெருசு பெருசா எழுதி எடத்த நெறப்பினேன், கெழவனுக்கு அளவு தெரியலன்னு சிரிச்சானுங்க, அப்படியே இழுத்துட்டு வந்து அத என் செவுத்துல முடிச்சிட்டேன் என்றார்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அந்த வசவைத் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வாங்கிக்கொண்டு, தினமும் அதற்குக் கீழேயே உட்கார்ந்து, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். அழுது முடித்ததும் எனக்குக் கோபமும் வந்தது, மறைப்பானேன். இத்தனை நாள் சொல்லாமல் எங்களை இப்படி வேக வைத்தீர்களே, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள், இந்த மனுஷன் சோறு இறங்காமல் பாதியாகிவிட்டாரே என்று நீலம்மாவையும் சேர்த்துப் பிடித்து நன்றாகத் திட்டிவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை, போக நாளாகும். அப்பா மட்டும் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. என்னைப் பார்த்து, புள்ள, இந்தச் சட்டி எண்ணெய் பத்தாது, உள்ளிருந்து ஒரு டின்னையே எடுத்துட்டு வா என்றார்.

அவர்கள் பக்கத்து எழுத்தை நாலு பேருமாகச் சேர்ந்துதான் எடுத்தோம். தன் கையால் எழுதினதைத் தானே துடைக்க வேண்டுமென்று லிங்கப்பன் மாமா பிடிவாதம் பிடித்தார், அதனால் அவர் ஏணியில், அப்பா கீழே முழங்கால் வலியோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு. நீலம்மாவும் நானும் பற்றுக் குழைத்தோம். அவர்கள் சுவரில் தார் தடிமனாக இருந்தது, கடைசி வார்த்தை லேசில் போகவில்லை, பற்றுப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. நேற்று சாயங்காலம் சுண்ணாம்பு அடித்து முடித்தோம். கொஞ்சம் நிறம் வித்தியாசமாகத்தான் தெரிகிறது, கூர்ந்து பார்த்தால் லேசாக எண்ணெய்க் கறை இருக்கிறது. அது ஒரு மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அப்பா இன்று காலையில் முன் வாசல் வழியாக வெளியே போய்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்தார். மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் வரவில்லை கண்ணு. நீ அறையை ஒழித்து வைத்ததும், வளர்மதி எங்களுக்காகக் கம்பளி பின்னிக்கொண்டிருப்பதும் தெரியும், உங்கள் மனசு எனக்குத் தெரியாதா. பயமில்லை என்று வீரம் பேசவும் இல்லை. அந்த ஆட்கள் மறுபடி வருவார்களோ என்று தெருவில் கூட்டமாகச் சத்தம் கேட்டால் நான் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வருகிறேன். வைத்யநாதனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், ஏதாவதென்றால் லிங்கப்பன் மாமா குடும்பமும் எங்களோடு சேர்ந்து ஹெப்பாளுக்கு வரும், அவர் பசுவை ஓட்டிக்கொண்டு வருவேன் என்றுதான் அடம்பிடிக்கிறார். ஆனால் வீட்டை விற்றுவிட்டு வரமாட்டோம். அப்பாவும் நானும் உட்கார்ந்து பேசியதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் இருந்தது. சுவரில் இருந்ததைத் துடைத்தாகிவிட்டது. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் அதில் எழுதியிருந்தபடியே நடந்ததாகிவிடும். நம் வீட்டைக் காப்பாற்றுவதற்காக எழுதின மனுஷன், நம்மைத் துரத்தினவனாகவே கடைசி வரைக்கும் அந்தப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவருக்குச் செய்துவிட்டு உன் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. எங்களுக்கு உடம்பு முடியாமல் போகிற காலத்தில் உன்னிடம்தான் வருவோம், அப்போது நீ கூப்பிட வேண்டியதே இல்லை.

இதையெல்லாம் உன் மனசோடு வைத்துக்கொள், ஊரில் மாமன் மச்சான் யாருக்கும் எழுதாதே, அவர் எழுதினார் என்பது மட்டும்தான் ஊர் வாயில் நிற்கும், ஏன் எழுதினார் என்பது நிற்காது. வேலையில் கவனமாக இரு, சூட்டில் நிற்கிறவன் தினமும் மோர் குடிக்க வேண்டும். வளர்மதியைப் பேசாமல் இருக்கிறாளே என்று விட்டுவிடாதே, அவளுக்கு என்ன வேண்டுமென்று நீயாகக் கேள், கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதானே பார்த்தோம். பாப்பாவுக்கு என் முத்தங்கள். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், மாதேஸ்வரசாமி பக்கத்திலேயே இருந்து காக்கட்டும்.

ஒன்று மறக்காதே. லிங்கப்பன் மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. உனக்குக் கன்னடம் எழுத வரும், கன்னடத்திலேயே எழுது. சுவரைப் பற்றியோ கலவரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம், நன்றி என்றுகூட எழுதிவிடாதே, தாங்கமாட்டார். சித்திரையில் லீவு கிடைக்கும், மாமா, நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வருகிறோம் என்று எழுது. அது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாச்சம்மாள்